மூலக்கதையின் குரலும் திரையின் குரலும்: மிருணாள் சென்னின் ‘ஒக ஊரி கத’

கரியாஹாட்டிற்கு மேற்கேயுள்ள லேக் மார்க்கெட் பகுதியில் வங்காளத்துடன் தமிழும் பல தலைமுறைகளாக வழங்கி வருகிறது. இவ்வாறு மொழிகள் கலந்து வழங்கும் தென் கல்கத்தாவில் வாழ்ந்த மிருணாள் சென் (1923–2018), ஒடியா, இந்தி, தெலுங்கு மொழிகளிலும் படம் எடுத்தவர். பிரேம்சந்தின் ‘கஃபன்’ கதையைத் தழுவி அவர் 1977இல் தெலுங்கில் இயக்கிய ‘ஒக ஊரி கத’ மொழிபெயர்ப்பு நோக்கில் ஈண்டு ஆராயப்படுகிறது.

மூலக்கதை முதலில் உருதுவிலும் பின்னர் இந்தியிலும் வெளிவந்தது. பிள்ளைப்பேற்று வலியில் புதியா துடிக்க, அவள் கணவனும் மாமனாரும் திருடிய கிழங்கைச் சுட்டுத் தின்கின்றனர். ஒருவன் எழுந்து சென்றால் மற்றவன் மிகுதியாகத் தின்றுவிடுவான் என்னும் அச்சத்தால் இருவரும் அசைவதில்லை. அவள் சவத்துணிக்கெனத் திரட்டிய பணமும் குடியில் கரைகிறது. உழைப்பவன் நிலையும் இவர்களினும் மேம்பட்டதன்று என்னும் விளக்கத்தைக் கதைகூறுவோனே தருகிறான்.

படத்தில் களம் தெலுங்கு நாட்டுச் சிற்றூராகிறது. கீசு வெங்கையாவாகவும், புதியா நீலம்மாவாகவும் மாறுகின்றனர். இவை புறநிலை மாற்றங்களே. கதைகூறுவோனின் கூற்று வெங்கையாவின் சொந்தப் பேச்சாக மாறுவதே அடிப்படையான மாற்றம் எனலாம். சோம்பல் உழைப்பு மறுப்பாகிறது. கதையில் பெரும்பாலும் முனகலாக மட்டுமே கேட்கும் பெண், படத்தில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் உயிருள்ள பாத்திரமாகிறாள். எனினும் இதற்கு ஓர் இழப்பும் உண்டு. பரிவா ஏளனமா எனப் பிரித்தறிய இயலாத பிரேம்சந்தின் அங்கதம், பாத்திரத்தின் வாதமாகும்போது கூர்மை குன்றுகிறது.

1923இல் பிறந்த செனகல் நாட்டு உஸ்மான் செம்பேனும் இச்சிக்கலை எதிர்கொண்டவர். அவரது ‘லா நுவார் தெ’ (1966) படத்தில் எழுத்தறியாத பணிப்பெண்ணின் உள்ளக்குரல் பிரெஞ்சில் ஒலிக்கிறது. அவள் பெயரால் கடிதம் எழுத முற்படுபவனும் அவளுடைய முதலாளியே. பிரெஞ்சில் தாமே எழுதிய குறுநாவலை ‘மந்தாபி’ (1968) என்னும் படமாக்கியபோது, பிரெஞ்சு வடிவத்துடன் ஓலோஃப் மொழி வடிவத்தையும் அவர் உருவாக்கினார்.

செம்பேன் தம் மக்களின் மொழியை நோக்கித் திரும்பினார். சென் தம் தாய்மொழியை விட்டு வெளியே சென்றார். திசைகள் வேறாயினும், பேச்சிழந்தோர் யார் குரலில் பேசுவது என்னும் வினா இருவருக்கும் பொதுவானது. சொல்லுக்குச் சொல் காணும் நிகர்மையைக் காட்டிலும், கூற்று யாருடையது என்பதைத் தெளிதல் மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாதது என்பது இதனால் பெறப்படும்.