ஆவடியும் அவதியும்

ஊர்ப்பெயர் என்பது அவ்வூர் மக்களின் முதல் வரலாற்று ஏடு. அந்த ஏட்டைப் படிக்க முயலாதோர், அதன்மேல் தம் விருப்பத்தை எழுதிவிடுகின்றனர். ஆவடிக்கு நேர்ந்திருப்பது இதுவே. கவச ஊர்திகளுக்கும் வெடிமருந்துக்குமான இந்தியக் கிடங்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் 'ஆவடி' வந்துவிடுகிறதாம்! மாணவர் நம்புகின்றனர், படித்தவரும் பரப்புகின்றனர்.

பகுத்தறிவு இதனை ஏற்குமா? கனரக ஊர்தித் தொழிற்சாலை அங்கே தொடங்கப்பட்டது 1961-இல். 1955 சனவரியிலேயே, தேபர் தலைமையில் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிச பாணிச் சமுதாயம் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியது ஆவடியில்தான். போர்க்காலத்துப் படைக்கிடங்கைச் சான்று காட்டுவர் சிலர். அப்படியானால், படையினர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் தன் பெயருக்குப் பின்னே 'ஆவடி' என்று எழுதுவானேன்? உடை தைக்கும் இடத்தின் முகவரியில் வெடிமருந்துக் கிடங்குக்கு என்ன வேலை? 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடிய தென்னகத்தின் முதல் தொடர்வண்டி இம்மண்ணைக் கடந்தே சென்றது. பாதையோரத்து உழவர், தம் ஊருக்குப் பெயர் சூட்டப் பீரங்கி வண்டி வரும்வரை காத்திருந்தனரா?

இனி, ஆங்கில எழுத்தில் மட்டும் இப்பெயரைக் காண்போர், வடக்கே வழங்கும் 'அவதி' மொழியோடு முடிச்சிடவும் கூடும். அந்த எழுத்து, ஆகாரத்தையும் அகரத்தையும் பிரித்துக் காட்டுவதில்லை. டகரத்தையும் தகரத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. துளசிதாசர் இராம காதையை எழுதிய அவதி மொழியின் பெயர், அவத் நாட்டிலிருந்து வந்தது. அவத் என்பது அயோத்தியின் திரிபு. ஆனால், எல்லை என்று பொருள்படும் வடசொல்லான 'அவதி' வேறு வேரினது. இந்தியில் அது காலவரை, மலையாளத்தில் விடுமுறை, தமிழிலோ, முன்னர் எல்லை என்றிருந்து இன்று துன்பம். ஒரே சொல், ஒரு நாட்டில் ஓய்வாகவும் மறு நாட்டில் ஓயாத் தொல்லையாகவும் ஆகியிருக்கிறது! வடமொழிக் குடும்பத்திற்குள்ளேயே ஒலியொத்த இரு சொற்கள் இருவேறு பிறப்பினவென்றால், ஆவடியை அவற்றோடு சேர்ப்பதற்கு ஒலியொன்றே எப்படிச் சான்றாகும்?

ஒலி ஒப்புமை ஏமாற்றும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ம்பபரம் மொழியில் நாயின் பெயர் 'டாக்', ஆங்கிலத்திலும் அதுவே. இரண்டிற்கும் உறவில்லை. நம் 'எட்டு', ஆங்கிலத்தின் 'எய்ட்' ஆகியவற்றைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லின் உறவு இலத்தீனின் 'ஒக்டோ', வடமொழியின் 'அஷ்ட' என்று செல்கிறது. நம் சொல்லின் உறவோ கன்னடத்தின் 'எண்டு', நம் 'எண்பது' என்று செல்கிறது. பின்னோக்கிச் செல்லச் செல்ல அவை விலகுகின்றன. உண்மை உறவென்றால் நெருங்கியிருக்க வேண்டும். 1816-இல் எல்லிசும், முதல் தொடர்வண்டி ஓடிய அதே 1856-இல் கால்டுவெல்லும் திராவிட மொழிகளின் தனித்தன்மையை நிலைநாட்டியது, காதுக்கு இனித்த ஒலியைக் கொண்டன்று. வேர்ச்சொற்களையும் இலக்கண அமைப்பையும் ஒப்பிட்டே.

இந்த உரைகல் பிறர்க்கு மட்டும் உரியதன்று. உலகத்துச் சொற்களையெல்லாம் இரண்டாக வெட்டித் தமிழென்று முழங்கும் நம்மவர்க்கும் இதுவே உரைகல். ஆ, அடி என்று பிரித்து, வகர உடம்படுமெய் சேர்ந்து ஆவடி ஆயிற்று என்றால் இலக்கணம் இடந்தருகிறது. ஆனால் இலக்கணம் இடந்தருவது மட்டும் வரலாறாகிவிடாது. ஐம்பத்தோராவது திருத்தலம் என்பதால் அம்பத்தூர் என்போரின் கதையையும், பூவிருந்தவல்லிக்குப் பூவைச் சூட்டிப் புனையும் கதைகளையும் நாம் எள்ளி நகையாடலாம். நமக்கு இனிக்கும் கதையை மட்டும் விட்டுவைத்தால் அது பகுத்தறிவாகுமா? பகுத்தறிவின் பெயரால் நடத்தும் மற்றொரு புராணமன்றோ!

2019-இல் மாநகராட்சியாகிவிட்டது ஆவடி. ஏரிக்கரையும் வயலும் மறைய, பழம்பெயர்களும் மறைகின்றன. இளைஞர்களே! கோயிற்சுவரின் கல்வெட்டைப் பக்தியின்றிப் படியுங்கள். பழைய நிலப்பத்திரங்களைப் புரட்டுங்கள். முதியோர் வாயில் வழங்கும் ஏரி, மதகு, வயல் ஆகியவற்றின் பெயர்களைக் குறித்துவையுங்கள். சான்று எங்கே அழைத்துச் சென்றாலும் அங்கே செல்லத் துணிவோம். தமிழின் பெருமைக்குப் பொய்த்துணை வேண்டியதில்லை.