உடல் அசைவுச் சொற்கள்: தமிழ் வழக்கு குறித்த மதிப்பீடு

உடல் அசைவுச் சொற்கள் என்பவை மூட்டுகளில் நிகழும் அசைவுகளைக் குறிக்க உடற்கூற்றியலில் பயன்படும் கலைச்சொற்கள் ஆகும். இவை அனைத்தும் உடற்கூற்று நிலையை அடிப்படையாகக் கொண்டவை. நேராக நின்று, முகமும் உள்ளங்கைகளும் முன்னோக்கி இருக்கும் நிலையே அது. மடக்கல், நீட்டல், விலக்கல், அணைத்தல் ஆகிய தமிழ்ச் சொற்கள் எவருக்கும் புரிபவை. ஆனால் அந்த எளிமையே சில மூட்டுகளில் கற்பவரைத் தவறான பொருளுக்கு இட்டுச் செல்கிறது.

மடக்கலும் நீட்டலும்

முழங்கையில் சிக்கல் இல்லை. மடக்கும்போது மேற்கைக்கும் முன்கைக்கும் இடைப்பட்ட கோணம் குறைகிறது, நீட்டும்போது கூடுகிறது. தோளில் நிலைமை வேறு. நடத்துநரிடம் சில்லறை வாங்க ஒருவர் கையை முன்னே நீட்டும்போது அவரது முழங்கை நீள்கிறது. தோள் மூட்டோ மடங்குகிறது. மேற்கையை முன்னோக்கி உயர்த்துவதே தோளின் மடக்கல். பின்னோக்கிக் கொண்டு செல்வதே நீட்டல். பேச்சுத் தமிழில் ஒரே செயலான ‘கை நீட்டல்’, கலைச்சொல்லின்படி இரு மூட்டுகளில் இரு வேறு அசைவுகள் ஆகும்.

கணுக்காலில் குழப்பம் இன்னும் கூடுகிறது. பாதத்தின் நுனியைக் கீழே தாழ்த்துவது கண்ணுக்கு நீட்டலாகத் தெரியும். மருத்துவ வழக்கில் அது உள்ளங்கால் பக்க மடக்கல். மேலே உயர்த்துவது புறங்கால் பக்க மடக்கல். முன்னதன் வீச்சு சுமார் 50 பாகை, பின்னதன் வீச்சு சுமார் 20 பாகை. ‘கணுக்கால் மடக்கல் குறைவு’ என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினால், எந்த அசைவு குறைந்துள்ளது என்பது அடுத்துப் படிப்பவருக்குத் தெரியாது.

‘கை’, ‘கால்’ என்னும் சொற்கள் முழு உறுப்பையும் அதன் நுனிப் பகுதியையும் ஒருங்கே குறிப்பதும் இதற்கு ஒரு காரணம். ‘காலை நீட்டுங்கள்’ என்றால் முழங்காலை நேராக்குவதா, பாதத்தைத் தாழ்த்துவதா என்பது நோயாளிக்கு ஐயமாகலாம்.

தமிழின் வலிமை

அப்டக்சன், அடக்சன் என்னும் சொற்கள் ஒலியில் மிக நெருங்கியவை. விலக்கல், அணைத்தல் என்னும் இணையில் அந்தக் குழப்பம் இல்லை. எனினும் எதிலிருந்து விலக்கல் என்பதையும் சொல்ல வேண்டும். கைவிரல்களுக்கு நடுவிரலின் கோடும், கால்விரல்களுக்கு இரண்டாம் விரலின் கோடுமே அடிப்படை. உடலின் நடுக்கோடு அன்று.

முன்கை அசைவுகளுக்குக் கவிழ்த்தல், மல்லாத்தல் என்னும் சொற்கள் நன்கு பொருந்துகின்றன. குப்புறப் படுத்தல், மல்லாந்து படுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேர்களிலிருந்தே மூலச் சொற்களும் பிறந்தன. உள்ளங்கை கவிழும்போது ஆரை எலும்பு அரந்தி எலும்பைக் குறுக்காகக் கடக்கிறது.

மதிப்பீடு

1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். தமிழில் உடற்கூற்றியல் எழுத முடியுமா என்னும் கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. இன்றைய குறை சொற்களில் இல்லை. சொல்லுக்குச் சொல் அட்டவணையிட்டு நிறுத்திக்கொள்வதில் உள்ளது. மூட்டின் பெயரையும் திசையையும் சேர்த்து, ‘தோள் மூட்டு மடக்கல்: மேற்கை முன்னோக்கி உயர்தல்’ என்று எழுதினால் மாணவரும் நோயாளியும் ஒரே அசைவைப் புரிந்துகொள்வர்.