மீட்டர் நோட்டு

வண்டி ஓடிய கிலோமீட்டரைக் குறிக்கும் நோட்டில் நான்கே பத்திகள்: தேதி, கிளம்பும்போது மீட்டர் காட்டிய எண், நிறுத்தும்போது காட்டியது, எந்த வேலைக்கு என்பது. வெதுருகுப்பத்திலிருந்து திருப்பதிக்குப் போய் உணவு டெலிவரி செய்பவருக்கு இது போதாது. ஊரிலிருந்து நகரம் வரை ஓடுவது பெரும்பாலும் சொந்தக் கணக்கு. ஆப்பை ஆன் செய்யும் இடத்தில் இன்னோர் எண்ணும் விழ வேண்டும்.

இந்திய வரிக்கு இந்த நோட்டு எப்போதும் தேவைப்படும் என்றில்லை. உத்தேச லாப முறையில், வங்கி வழி வந்த வரவில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டுபவர் பெட்ரோலைத் தனியே கழிக்க முடியாது. அசல் செலவைக் காட்டுபவருக்கோ தொழிலுக்கு ஓடிய பங்கு மட்டுமே கழியும். அந்தப் பங்குக்குச் சாட்சி நோட்டுதான். அமெரிக்காவில் கணக்கு இன்னும் நேரடி: 2025இல் தொழிலுக்கு ஓடிய மைலுக்கு 70 சென்ட் கழிக்க முடிந்தது.

மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதிய நோட்டு பார்த்தவுடன் தெரியும். ஒரே மை, எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடியும். அன்றன்று எழுதியதில் 18,437 போன்ற கோணல் எண்களும் சாம்பார்க் கறையும் இருக்கும், அழகு அதில்தான். ஆப்பே தூரம் காட்டுகிறதே என்றால், அது பெரும்பாலும் ஆர்டரோடு முடிந்துவிடும். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு அடுத்த கடைக்கு ஓடுவதையும் மீட்டர் விடாமல் எண்ணுகிறது.