நடுவிலே பிள்ளை

சங்க இலக்கியத்தில் சந்தோசமாக இருக்கிற ஒரு வீட்டைத் தேடிப் போனால் வெகுதூரம் நடக்க வேண்டும். அகம் பாடிய புலவர்களுக்குப் பிரிவு வேண்டும், காத்திருப்பு வேண்டும், ஊடல் வேண்டும். கலியாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிட்டால் மருதத்துப் பரத்தை வந்துவிடுவாள். தலைவன் வாசலில் நிற்பான், மனைவி உள்ளே விட மறுப்பாள். ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிற இருவரையும் அவர்களுடைய கைப்பிள்ளையையும் மட்டும் வைத்து, ஒரு குறையும் சொல்லாமல் பத்துப் பாட்டுப் பாடியவர் பேயனார். ஐங்குறுநூற்றின் கடைசி நூறான முல்லை அவருடையது. அதன் முதற்பத்து, 401 முதல் 410 வரை, ‘செவிலி கூற்றுப் பத்து’. உ. வே. சாமிநாதையர் ஐங்குறுநூற்றை அச்சில் கொண்டுவந்தது 1903இல். அன்றிலிருந்து இந்தப் பத்தும் எல்லார் கைக்கும் எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் மேடைகளில் குறுந்தொகையைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கு அது நெடுநாள் மனத்தாங்கல்.

இன்பத்தைப் பாடுவது கடினமான வேலை. துன்பத்துக்கு ஒரு முன்கதை உண்டு, பின்கதை உண்டு. மூன்று பேர் நிம்மதியாகப் படுத்திருக்கிறார்கள் என்பதில் கதை எங்கே இருக்கிறது? ஐங்குறுநூற்றில் ஒரு பாட்டுக்குக் கிடைப்பதும் மூன்றடியிலிருந்து ஆறடி வரைதான். பேயனார் செய்த முதல் நல்ல காரியம், அந்தக் கணவனையும் மனைவியையும் பேசவிடாதது. “நாங்கள் நன்றாக இருக்கிறோம்” என்று தங்கள் வாயாலேயே சொல்கிறவர்களை யார் நம்புவார்கள்? பேசுகிறவள் செவிலி. மகளுடைய குடித்தனத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து, காத்திருக்கும் பெற்ற தாயிடம் சொல்கிறாள். வளர்த்தவள் கண்ணுக்குக் குறை இருந்தால் தப்பாது. அந்தக் கண்ணிலேயே ஒன்றும் படவில்லை என்பதால்தான் நமக்கு நம்பிக்கை வருகிறது.

எங்கள் கிழக்கிலங்கையில் செவிலிக்கு அவ்வளவு தூரம் போக வேலையில்லை. இங்கே பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறவர். மகளுக்குக் கொடுத்த வீடு தாயின் வளவுக்குள்ளேயே இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த ஒழுங்கையில். அம்மம்மா காலையில் பேரப்பிள்ளையை முழுகவார்க்க வருவார். வேலை முடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பெரியம்மாவிடம் சொல்லுவார்: “ராத்திரி முழுக்கப் பிள்ளை அழுதிருக்கு. மருமகன்தான் தோளிலை போட்டுக்கொண்டு திரிஞ்சவராம். இவள் நல்லா நித்திரை கொண்டிருக்கிறாள்.” அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை ஏறும். மகளைக் குறை சொல்கிற தோரணையில் மருமகனைப் புகழ்கிற அந்தக் குரலைக் கேட்டிருக்கிறவர்களுக்குச் செவிலி கூற்றின் சுருதி உடனே பிடிபட்டுவிடும்.

முதற்பாட்டில் செவிலி சொல்வது ஒரு படுக்கையை. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் மகன். குட்டியை இடையில் கிடத்திய மான்களைப் போல என்கிறாள்.

திருக்கோணமலைக்காரருக்கு இந்த உவமையை விளக்க உரையாசிரியர் வேண்டாம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி பிரடெரிக் கோட்டைக்குள்ளால் போகிறது. போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில், இடித்த கோயிலின் கல்லையும் சேர்த்துக் கட்டிய கோட்டை அது. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கைமாறி இன்றும் படையினர் அங்கே இருக்கிறார்கள். அதற்குள் புள்ளிமான்கள் ஆளுக்கு அஞ்சாமல் மரநிழலில் கிடக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். காலை மடக்கி, கழுத்தை நிமிர்த்தி, அசைபோட்டபடி கண்ணைப் பாதி மூடிக் கிடக்கிற பிணைமானின் காதுகள் மட்டும் ஓய்வதில்லை. குட்டி எழுந்து நாலடி வைத்தால் ஒரு காது அந்தப் பக்கம் திரும்பும். மற்றக் காது பாதையில் வருகிறவர்களைக் கேட்டபடி நிற்கும்.

மான் அயர்ந்து தூங்குகிற விலங்கில்லை. காட்டைப் பாடுகிற புலவருக்கு யானையும் கன்றும் இருந்தன, மந்தியும் குட்டியும் இருந்தன. அவர் மானை எடுத்ததற்கு அழகு மட்டும் காரணமென்று நான் நினைக்கவில்லை. கைப்பிள்ளை உள்ள வீட்டில் தாயும் தகப்பனும் கொள்வது மான் நித்திரை. சாமத்தில் எங்கள் மகள் ஒரு சின்ன இருமல் இருமினால் நானும் மனைவியும் ஒரே நேரத்தில் விழிப்போம். அவள் புரண்டு படுத்து மூச்சுச் சீரானதும், ஒன்றும் கதைக்காமல் திரும்பவும் தூங்கிப்போவோம். காலையில் யார் முதலில் விழித்தது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. இந்த அரைத் தூக்கத்தைத்தான் செவிலி மிக இனியது என்கிறாள். பிள்ளை பெற்றவர்களின் களைப்பை அறிந்தவள் சொன்ன சொல் அது.

அந்தப் படுக்கை இவ்வுலகத்திலும் மேலுலகத்திலும் பெறுவதற்கு அரியது என்று பாட்டு முடிகிறது. உலகத்தைச் சொல்லும்போது, நீல நிறப் பெரும்பரப்புத் தழுவிக் கிடக்கிற உலகம் என்கிறாள். அந்த நீலம் வானமா கடலா என்ற வழக்கு, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையின் விளிம்பில் நிற்கிறவருக்கு எழாது. அதே உச்சியில், கோயிலடி மரத்தில், பிள்ளைவரம் கேட்டு வந்தவர்கள் கட்டிய சின்னஞ்சிறு தொட்டில்கள் தொங்குகின்றன. பெறுவதற்கு அரியது என்பதைப் புலவர்களின் வழக்கமான மிகை என்று நினைக்கிறவர்கள் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரட்டும்.

பேயனாரின் கைத்திறன் முழுக்கத் தெரிகிற இடம், இந்தப் படுக்கையை அவர் திரும்பத் திரும்பக் கலைத்து அடுக்குகிற விதம். 402இல் தாய் மகனை அணைத்துக் கிடக்கிறாள், கணவன் அவளுடைய முதுகுப்புறமாக அவளை அணைத்திருக்கிறான். பாணர் நரம்பில் எழுப்புகிற இசை போல அது இனிக்கிறதாம். 404இல் அவள் பால் கொடுக்கிறாள், அவன் பின்னாலிருந்து தழுவுகிறான். 409இல் மகன் தகப்பனின் அணைப்பில் இருக்கிறான், தாய் இருவரையும் சேர்த்து அணைத்திருக்கிறாள். ஆட்கள் அதே மூன்று பேர். கைகள் மட்டும் இடம் மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேறொரு பொருள். முதலில் பிள்ளை இருவருக்கும் பொது. அடுத்து அவன் தாயின் பிள்ளை, கணவன் கொஞ்சம் வெளியே. கடைசியில் இருவருக்கும் தாயாக அவள்.

409ஐ நான் கண்ணுக்குள் கட்டிப் பார்த்தேன். அவளுடைய கை பிள்ளையைத் தாண்டிப் போய்க் கணவனின் தோளில் முடிய வேண்டும். அப்படியென்றால் நடுவில் கிடக்கிற பிள்ளை சின்னது. வளர்ந்து கைகால் நீண்டபிறகு அந்தக் கை எட்டாது. ஒரு சில மாதங்களுக்கு மட்டும் வாய்க்கிற அளவு அது. புலவர் வயதைச் சொல்லவில்லை, அந்தக் கையின் நீளத்தாலேயே சொல்லிவிட்டார். அந்தப் படுக்கை இந்தப் பரந்த உலகம் முழுவதற்கும் ஈடு என்று முடிகிறாள் செவிலி. விலை கூடிப்போனதாக எனக்குப் படவில்லை.

இந்த அமைப்பைச் செம்பில் வார்த்தவர்களும் உண்டு. 1950இல் எங்கள் ஊரில் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த கோணேசர் கோயில் திருமேனிகளில் சோமாஸ்கந்தரும் இருந்தார்: சிவனும் உமையும், நடுவே பிள்ளைக் கந்தனும். ஸ்தபதிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கும்பிட வருகிறவரைத் தெய்வம் பார்க்க வேண்டும், ஆகவே மூவரும் முன்னோக்கி இருப்பார்கள். பேயனாருக்கு அந்தக் கட்டுப்பாடில்லை. அவருடைய மூன்று பேரும் உலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக் கிடக்கிறார்கள்.

நடுவிலே பிள்ளை என்பது அகப்பாட்டில் புதிதில்லை. மருதத்திலும் பிள்ளை நடுவில்தான் நிற்கிறான், ஆனால் சண்டைக்கு நடுவில். சாகலாசனாரின் அகநானூற்றுப் பாட்டு, 16ஆவது, அதற்குச் சிகரம். தெருவில் சிறுதேரோடு நிற்கிற பிள்ளையைப் பரத்தை வாரி அணைப்பாள், பெற்றவள் அதைக் கண்டுவிடுவாள். அற்புதமான நாடகம். அதை வாசித்துவிட்டு இங்கே வந்தால், பேயனார் எதையெல்லாம் வேண்டாமென்று விட்டார் என்பது விளங்கும். கைக்கெட்டிய நாடகத்தை விட்டுவிட்டு வெறும் படுக்கையை நம்புவதற்குப் பெரிய துணிவு வேண்டும்.

முல்லை என்றால் காடும் காடு சார்ந்த இடமும். நான் இதை வாசிப்பதோ உப்புக்காற்றுக்குள் இருந்து. எங்கள் நெய்தலில் இந்தப் படுக்கைக்கு நேரம்கூட மாறிவிடும். திருக்கடலூரிலும் சல்லியிலும் இரவுத் தொழிலுக்குப் போன தகப்பன் விடிந்துதான் கரை சேருவான். வலையைப் பார்த்து, மீனைக் கொடுத்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்க மத்தியானம் ஆகும். வளையில் கட்டிய ஏணையில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளையைத் தாய் தூக்கிவந்து அவன் பக்கத்தில் கிடத்திவிட்டுத் தானும் சரிவாள். அம்மாவின் பழைய நூல்சேலையில் கட்டிய ஏணை, எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், ஒரு பிள்ளைக்கு மட்டும் இடம் தருகிற படுக்கை. தகப்பனின் கைமடிப்பில் கிடைக்கிற சூடு அதில் இல்லை. கச்சான் காற்று கூரையைத் தட்டுகிற அந்த வெயில் நேரத்தில் ஒழுங்கையே அடங்கிக் கிடக்கும்.

பத்தாவது பாட்டில் படுக்கை வெளியே வருகிறது. மாலை நேரம், முற்றம், கால் குட்டையான ஒரு கட்டில். மனைவி பக்கத்தில் இருக்கிறாள், மகன் தகப்பனின் மார்பில் ஊருகிறான். பாணனின் யாழ் அந்தப் பொழுதுக்கு ஒத்து வருகிறதாம். பேயனார் இங்கே எடுத்துக்கொண்ட பொருட்களைப் பாருங்கள்: முற்றம், கட்டில், கட்டிலின் கால். அந்தக் கால் ஏன் குட்டை? பிள்ளை உருண்டு விழுந்தாலும் அடிபடாது. உரைகள் இப்படிச் சொல்வதில்லை, இது என் எண்ணம். பிள்ளை தவழத் தொடங்கினதும் எங்கள் வீட்டுக் கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டுப் பாயைப் போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முற்றம் என்றதும் எங்கள் ஊர் நினைவு வருகிறது. திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதினவர்கள் எல்லாரும் கப்பலை எழுதினார்கள், எண்ணெய்த் தாங்கிகளை எழுதினார்கள், 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சை எழுதினார்கள். அந்தத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த சனத்துக்கு முற்றம் என்பது கைவிட்டுப்போகக்கூடிய ஒன்று. 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தன. தகரத்துக்கும் தறப்பாளுக்கும் நடுவில் கலியாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பிறந்தார்கள், தவழ்ந்தார்கள். பத்தாவது பாட்டில் வருகிற மாலையையும் முற்றத்தையும் கட்டிலையும் வெறும் பின்னணி என்று தள்ளிவிட்டுப் போக என்னால் முடிவதில்லை. அந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பதே அந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது!

பத்தும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். 405இல் மனைவியை வீட்டுக்கு விளக்கு என்கிறார். அன்று புதிதாக இருந்திருக்கலாம், பிறகு வந்தவர்கள் கலியாண வாழ்த்துமடல் வரை இழுத்துத் தேய்த்துவிட்டார்கள். 407இல் பிள்ளையே இல்லை, தலைவனும் காதலியும் மட்டும். நல்ல பாட்டுத்தான், இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் அந்நியமாக நிற்கிறது. ஆனால் 408ஐ விட்டுவிடக்கூடாது. பாணர் முல்லைப்பண் பாடுகிறார்கள், அவள் முல்லைப் பூச் சூடுகிறாள், அவன் மகனோடு இருக்கிறான். மூன்று பேரும் மூன்று காரியத்தில் இருந்துகொண்டு ஒரே சந்தோசத்தில் இருப்பதை அதில் பார்க்கலாம். கூடிக் குடித்தனம் நடத்தினவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்: ஒருவர் அரிசி களைய, ஒருவர் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட, வானொலியில் ஏதோ பாட்டுப் போகும்.

எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்தது 409. என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு 403. அதில் அணைப்பே கிடையாது. தாத்தாவின் பெயரைத் தாங்கிய மகன் சிரித்துக்கொண்டு, தளர்ந்த நடையில் சிறுதேர் உருட்டி வருவதைத் தலைவன் பார்க்கிறான். காதலியிடம் இருந்த அன்பு அவள் பெற்ற மகன் மேலும் பரவிப் பெரிதாகிறது என்கிறாள் செவிலி. ஐந்தடிக்குள் தாத்தா, தகப்பன், பேரன் என்று மூன்று தலைமுறை வந்துவிடுகிறது, அது உண்மை. அவள் காட்டிய காரணம் வேறு. “இஞ்சாருங்கோ, நீங்கள் சொல்லுற பாட்டுகளிலை எல்லாரும் படுத்துக் கிடக்கினம். இதிலைதானே பிள்ளை எழும்பி நடக்குது” என்றாள். மகள் இப்போது கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியிருக்கிறாள். அவளுக்கு ஒரு நடைவண்டில் செய்துதரச் சொல்லித் தச்சரிடம் கொடுத்திருக்கிறோம்.