பதினான்கு குழிகளின் பள்ளிக்கூடம்

கோலாலம்பூர் பசார் சேனியில் சொங்காக் என்னும் மலாய்க் குழியாட்டப் பலகையைக் கண்டால் என் கை முதலில் குழிக்குள்தான் போகும். வெளியே பூவேலை எத்தனை இருந்தாலும், நல்ல பலகையை அடையாளம் காட்டுவது குழியின் சரிவு. அது வழவழவென்று இறங்கினால் சின்ன விரல்கள் ஒரே வழிப்பில் காய்களை அள்ளிவிடும். ஓரம் செங்குத்தாக இருந்தால் ஒன்றிரண்டு அடியில் தங்கிக் கணக்கைக் கெடுக்கும்.

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் குழியாட்டம் இரண்டு வழியில் கிடைக்கும்: பாட்டியிடமிருந்து பல்லாங்குழி, பக்கத்து மலாய் வீட்டிலிருந்து சொங்காக். இரண்டிலும் வரிசைக்கு ஏழாக 14 குழிகள். சொங்காக்கில் ஆளுக்கொரு பெரிய குழி இரு முனையிலும் கூடுதல். குழிக்கு ஏழாக 98 காய்கள். பல்லாங்குழியைக் குழிக்கு ஐந்தாக, 70 காய்களோடு ஆடுவதுண்டு. கடைசிக் காய் வெறுங்குழியில் விழுந்தால் சொங்காக்கில் முறை எதிராளிக்குப் போய்விடும். பல்லாங்குழியிலோ கடைசிக் காய் விழுந்த குழிக்கு அடுத்தது வெறுங்குழியாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியை வழித்து அள்ளலாம்.

நான்கு வயதுப் பிள்ளை பத்துவரை மளமளவென்று ஒப்பிக்கும். ஐந்து காயை எண்ணச் சொன்னால் ஒன்றை இருமுறை தொடும், ஒன்றைத் தாண்டிவிடும். குழிக்கு ஒன்றாகப் போட்டுப் பழகும்போது சொல்லும் பொருளும் விரல்நுனியில் இணைகின்றன. உள்ளங்கையில் மற்றவற்றை இறுக்கிக்கொண்டு ஒரே ஒரு காயை விடுவது பிஞ்சுக் கைக்கு எளிதல்ல. பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு அதுவே பயிற்சி. நாளாக நாளாக, எண்ணாமலே குழியில் மூன்று என்று கண் சொல்லும். பிறகு, எந்தக் குழியை எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்று மனம் முன்னோடிப் பார்க்கும்.

ஜெர்மனியில் 1837இல் மழலையர் கல்விக்கு வித்திட்ட ஃப்ரோபெல், மரப்பந்தையும் கனசதுரத்தையும் உருளையையும் பிள்ளைகள் கையில் கொடுத்தார். நம் பாட்டிமார் புளியங்கொட்டையைக் கொடுத்தார்கள். கை வழியே அறிவு வளரும் என்ற நம்பிக்கை இரு பக்கமும் ஒன்றுதான்.

காயைத் தேர்வதில் கவனம் வேண்டும். குன்றிமணி நஞ்சு, அது வேண்டவே வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிறு காய் எதுவும் ஆகாது, தொண்டையில் அடைக்கும். நான்கு வயதில் குழிக்கு இரண்டு காயோடு, வெற்றி தோல்வி பேசாமல், பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து தொடங்கலாம். பொத்தானும் மின்கலமும் உள்ள பொம்மை தானே ஆடித் தானே பாடிவிடுகிறது. இந்தப் பலகையோ பிள்ளை கை வைக்கும்வரை சும்மா கிடக்கும். அதனால்தான் இதை ஆகச் சிறந்த பொம்மை என்கிறேன்.