தேசவழமையின் மூன்றாம் வாசிப்பு

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை எங்கள் சட்டத்தரணிகள் பெரும்பாலும் இரண்டு விதமாகவே படித்து வந்திருக்கிறார்கள். சட்ட அறிஞர் எச். டபிள்யூ. தம்பையாவின் வழி வரலாற்று வழி. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, அதில் தாய்வழிச் சொத்துரிமையான மருமக்கட்தாயத்தின் சாயல் எவ்வளவு என்று தேடும். நீதிமன்றத்தின் வழி சொல்லைப் பிடிக்கும் வழி. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்ததில் என்ன இருக்கிறது, 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்கு என்ன வலு தந்தது என்று பார்க்கும். மூன்றாவது வழிக்கு இங்கே ஆள் குறைவு. ஒரு விதி இருப்பதால் சனம் என்ன செய்கிறது, அதற்கு யார் கைக்காசு போகிறது என்று கேட்பது அது.

ஒற்றியை எடுங்கள். கடன் கொடுத்தவர் காணியை ஆளுவார், விளைச்சலே வட்டி. மழை பிழைத்தால் நட்டம் அவருக்கு. வட்டி குட்டி போட்டுக் காணியை விழுங்காது. வங்கி இல்லாத ஊருக்குக் கெட்டித்தனமான ஏற்பாடுதான். ஆனால் எப்போது மீட்கப்படுமோ என்றிருக்கும் காணிக்கு எருப்போட எவருக்கு மனம் வரும்?

பங்காளிக்கு முன்வாங்கும் உரிமை இன்னும் சிக்கலானது. ஒல்லாந்தர் காலத்தில் காணி விற்பனையை மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவித்தார்கள். 1947இன் 59ஆம் இலக்கச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளிகளோடும் விற்பவரின் வாரிசாக வரக்கூடியவர்களோடும் நிறுத்தியது. பரப்புக் கணக்கில் சிதறும் தோட்டக்காணி ஒரு கைக்குள் சேர இது உதவும். ஆனால் பங்காளி வந்து மறிப்பான் என்று தெரிந்த வெளியாள் முழு விலை சொல்லமாட்டான். பங்காளிகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் இந்தக் காலத்தில் அறிவித்தல் கொடுப்பதே ஒரு செலவு.

இப்படிப் பேரம் பேசும் செலவைச் சட்டத்தின் நடுவில் வைத்தவர் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் (1960). பேரத்துக்குச் செலவே இல்லையென்றால், உரிமையை யாரிடம் கொடுத்தாலும் அது அதிகப் பயன் காண்பவரிடம் போய்ச் சேரும் என்றார். செல்வம் பெருகுவதையே அளவுகோலாக்கியவர் சட்ட அறிஞர் ரிச்சர்ட் போஸ்னர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்னொரு சட்ட அறிஞர் கைடோ கலப்ரேசி, தீங்கை மலிவாகத் தவிர்க்கக்கூடியவர் தலையில் செலவை வை என்றார்.

சுன்னாகத்துக் கிணற்று மாசுக்குப் பொருந்துவது கலப்ரேசிதான். அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது. எங்களுடையது சுண்ணக்கல் நிலம், கீழே போனது ஒரு வளவோடு நிற்காது. கிணற்றுக்காரர் ஒவ்வொருவராகப் போய் நிலையத்தை நடத்திய கம்பனியோடு பேரம் பேசுவதெங்கே? 2019இல் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையில் நின்று, 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு சரி. தொகை போதாது.

இந்தச் சிந்தனையாளர் எவருடைய அளவுகோலுக்கும் நிற்காத விதியும் எங்களிடம் உண்டு. சீதனக்காணி மனைவி பெயரில் இருக்கும். 1911இன் 1ஆம் இலக்கச் சட்டப்படி அதை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போன வீட்டில் அந்தக் கையொப்பத்துக்குப் பதில் மாவட்ட நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

இந்த மலரை வாசிக்கும் சட்ட மாணவர்களே, தீர்ப்புத் திரட்டை ஒருநாள் மூடிவைத்துவிட்டு ஒரு நொத்தாரிசு கந்தோரில் போய் இருங்கள். ஒரு உறுதி முடிய எத்தனை கையொப்பம், எத்தனை நாள், எவ்வளவு காசு என்று எண்ணி எழுதி வாருங்கள்.