பிரித்தானியப் படைவீரர் குழூஉக்குறியில் உடல்: ‘பிஃப்’ என்னும் சொல்லை முன்வைத்து

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதை உரைகள் குழூஉக்குறிக்குச் சான்றாகக் காட்டும். பிரித்தானியப் படையினர் உடற்தகுதி குறித்து வழங்கும் கொச்சைச் சொற்களையும் இவ்வகையுள் அடக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது போதுமானதன்று.

சுமை தாங்கி நெடுந்தொலைவு விரைந்து செல்வதைத் தரைப்படையினர் ‘டேபிங்’ என்பர். மரைன்கள் ‘யோம்பிங்’ என்பர். பின்னது 1982ஆம் ஆண்டு ஃபாக்லாந்துப் போர்ச் செய்திகளின் வழியே பொதுவழக்கில் பரவியது. செயல் ஏறத்தாழ ஒன்றே. சொல் பிரிவின் அடையாளத்தைக் காக்கிறது. மெலிந்த உடலுடன் விரைந்தோடுபவன் ‘ரேசிங் ஸ்நேக்’, அதாவது பந்தயப் பாம்பு. ஆங்கிலத்தில் பெரிதும் வசையாகப் பயிலும் பாம்பு இங்குப் பொறாமை கலந்த பாராட்டாகிறது. இதுவரை குழூஉக்குறி என்னும் கருத்தாக்கம் இடர்ப்பாடின்றிப் பொருந்துகிறது.

‘பிஃப்’ என்னும் சொல்லில் அது பொருந்தாமற் போகிறது. காயத்தாலோ நோயாலோ பயிற்சியினின்று விலக்குப் பெற்றவன் ‘பிஃப்’. அவன் மருத்துவரிடம் பெறும் சீட்டு ‘பிஃப் சிட்’. (இந்தச் ‘சிட்’, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் இங்கிருந்து கொண்டுசென்ற சொல்.) ஆனால் எதற்கும் உதவாதவனுக்கும் அதே பெயர்தான். பொன்னைப் ‘பறி’ என்பதால் பொன்னின் மதிப்புக் குறைவதில்லை. இங்கோ பெயர் மாறும்போதே தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. மங்கலம் தீயதை நற்சொல்லால் மறைக்கும். ‘பிஃப்’ அதற்கு நேர்மாறாக, நோயைக் குணக்கேடாகக் காட்டும். இதன் விளைவு மொழியளவில் நிற்பதன்று. தொடர் ஓட்டத்தால் கீழ்க்கால் எலும்பில் தோன்றும் நுண்முறிவு தொடக்கத்தில் வெறும் வலியாகவே இருக்கும். ஓய்வின்றித் தொடர்ந்தால் முழுமுறிவாகலாம். அவ்வலியைச் சொல்ல வேண்டிய நேரத்தில்தான் இச்சொல் வீரனின் வாயை அடைக்கிறது.

‘பீஸ்டிங்’ என்பதன் இலக்கணமும் கருதத்தக்கது. ‘டேப்’, ‘யோம்ப்’ ஆகிய வினைகளில் வீரனே எழுவாய். ‘பீஸ்ட்’ என்பதில் பயிற்றுநர் எழுவாய், வீரன் செயப்படுபொருள். வாட்டி வதைக்கும் பயிற்சியையும், உடற்பயிற்சி வடிவில் தரப்படும் தண்டனையையும் இவ்வொரு சொல்லே குறிக்கிறது. கொச்சைச் சொற்றொகுப்புகள் பெரும்பாலும் இதனைப் பாசறை நகைச்சுவையாகத் தந்து கடந்துவிடுகின்றன. யார் யாரைக் குறித்துச் சொல்வது என்பதை அவை பதிவதில்லை. களைத்துத் திரும்பிய வீரன் தன்னைப்பற்றிச் சொல்லும்போது அது பெருமிதம். பயிற்றுநர் சொல்லும்போது அச்சுறுத்தல். 2006ஆம் ஆண்டுக் கோடையில் வில்ட்ஷயர்ப் பாசறை ஒன்றில் இத்தகைய தண்டனைக்குப்பின் இளம்வீரர் ஒருவர் வெப்பத்தாக்கால் இறந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட மூவரும் 2008இல் விடுவிக்கப்பட்டனர். வழக்கைப் பற்றிய செய்திகளிலும் அத்தண்டனைக்கு வழங்கிய பெயர் ‘பீஸ்டிங்’ என்பதே.